எழுந்து நிற்காத அலமாரி

வீட்டில் அவளுக்கு நோண்டி என்று பேர். பத்து வயதில் குளியலறைப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து, உள்ளே இருந்த அப்பாவை அரை நாள் அடைத்து வைத்தவள். அன்றைக்கு ஒட்டிய பேர்.

வளர்ந்ததும் போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை கிடைத்தது. லைன் வரவில்லை என்பார்கள். குறித்துக்கொண்டு வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவாள். என்ன கோளாறு, எப்படிச் சரியானது, ஒன்றும் தெரியாது. எட்டு வருஷம் பாதிக் கதையிலேயே எழுந்து வருவது போல இருந்தது அவளுக்கு.

அலுவலகத்துக்கு எதிரே ஒரு தச்சுப் பட்டறை. நடத்தியவளுக்கும் இவளைப் போல முப்பத்திரண்டு வயதுதான். மதியம் சாப்பிட்ட கையோடு நோண்டி அங்கே போய் நின்றுவிடுவாள். ஆணி இல்லாமல் எப்படி நிற்கிறது, ஈர மரம் ஏன் முறுக்கிக்கொள்கிறது என்று துளைத்தெடுப்பாள்.

"இனிமே கேள்விக்கு வாடகை வாங்கப் போறேன்" என்றாள் பட்டறைக்காரி. "இல்லன்னா உள்ள வந்து இந்தப் பலகையப் பிடி."

பிடித்தாள். பிறகு மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பே எடுத்துவிட்டாள்.

விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தபோது, அவளோடு ஒரே வீட்டில் இருந்த அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்.

"என் ரூமுக்கு ஒரு அலமாரி செஞ்சு குடு. ஒழுங்கா வந்துச்சுன்னா வேலைய விடு, நான் வாயே திறக்கல. இல்லன்னா திங்கட்கிழமை பேசாம ஆபீஸ் போ."

"நீ வாயே திறக்க மாட்டேன்னா, நானும் ஒரு அலமாரி செய்றேன்" என்றார் அத்தான்.

அறையின் உயரம் எட்டு அடி. மேலே தூசி சேரக் கூடாது என்று அக்கா சொன்னதால், ஏழு அடி பத்து அங்குல உயரமும் இரண்டடி ஆழமுமாக அலமாரி. நோண்டி மூன்று தடவை அளந்தாள். பட்டறையில் அறுத்த பலகைகளைக் கொண்டுவந்து, அறைத் தரையிலேயே படுக்க வைத்துப் பொருத்தினாள். சனிக்கிழமை மதியம் மூன்று பேருமாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

பாதிக்கு மேல் எழும்பியதும் 'டங்' என்று மேல் மூலை கூரையில் முட்டியது. சுண்ணாம்பு அத்தான் தலையில் உதிர்ந்தது.

"என்னடி, இது படுத்தே இருக்கிற அலமாரியா?" என்றாள் அக்கா.

நோண்டியின் முகம் சுருங்கிவிட்டது. எட்டு அடியைவிட இது குட்டைதானே? அலமாரியை மறுபடி படுக்க வைத்துவிட்டு, பக்கப் பலகையில் மூலைக்கு மூலை டேப்பைக் குறுக்காகப் பிடித்தாள். எட்டு அடி ஒரு அங்குலம்!

"அக்கா, இங்க பாரேன்! நின்னா குட்டை, எந்திரிக்கும்போது மட்டும் நெட்டை!"

"உனக்குச் சிரிப்பு வேற வருதா?"

பட்டறைக்காரிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரே சிரிப்பு. "நான் பண்ணினப்போ கூரையில ஓட்டையே விழுந்துச்சு. எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லிடாதே!" என்று வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கப் பலகைகள் அடித்தட்டுக்குக் கீழே நாலு அங்குலம் கால்போல நீண்டிருந்தன. ரம்பத்தை எடுத்து அந்தக் கால்களை அறுத்தாள். இப்போது அலமாரி கூரையைத் தொடாமல் நிமிர்ந்தது. மிச்சப் பலகையில் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்தாள். அத்தானும் அக்காவும் அலமாரியை நேராகத் தூக்கிப் பிடிக்க, சட்டத்தை அடியில் தள்ளினாள். மேலே இரண்டு அங்குல இடைவெளி, கேட்டபடியே.

அக்கா கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊரார் வீட்டுல இப்படி முட்டியிருந்தா?"

"அங்கயும் உக்காந்து அளந்திருப்பேன். ஆபீஸ்ல எட்டு வருஷத்துல எத்தனை தப்பு பண்ணேனோ, ஒண்ணுகூட எனக்குத் தெரியாதுக்கா. இதுதான் முட்டிச் சொல்லுது."

அக்கா வாய் திறக்கவில்லை. துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை நோண்டி அலுவலகம் போனாள், ராஜினாமாக் கடிதத்தோடு.

"தச்சு வேலையா? அதுல அப்படி என்னம்மா இருக்கு?" என்றார் மேலாளர்.

அவள் அலமாரி முட்டிய கதையைச் சொன்னாள். கேட்டு முடித்தவர், தன் முதுகுக்குப் பின்னால் கூரையை உரசி நின்ற பெரிய மர பீரோவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இத எப்படி நிறுத்தினாங்க?"

கடிதம் மேஜையில் கிடந்தது. இருவரும் எழுந்துபோய் பீரோவின் அடியில் குனிந்து பார்த்தார்கள்.