சைனைடு மண்ணில் வளர்ந்த நாகதாளி

கள்ளி வளர்க்கிறவனைப் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வருகிறது. ரோஜா வைக்கலாம், கறிவேப்பிலை வைக்கலாம், முள்ளை எவனாவது தண்ணீர் ஊற்றி வளர்ப்பானா என்று என் மனைவி இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் தொழிற்சாலையில் லேத்தில் நிற்கிறவன். நாள் முழுக்க அளவு தப்பினால் திட்டு வாங்குகிற வேலை. வீட்டுக்கு வந்தால் நான் கவனிக்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாத ஒன்று வேண்டியிருந்தது. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டு வாசலில் பழைய பெயிண்ட் டப்பாக்களில் இருபத்திரண்டு செடிகள் வைத்திருந்தேன்.

வருகிறவர்கள் முள் இருந்தால் போதும், எல்லாவற்றையும் கள்ளி என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஊசியால் குத்திப் பார், பால் வந்தால் அது வேறு குடும்பம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நாகதாளியில் பால் வராது, வழவழவென்று ஒரு நீர்தான் கசியும். மட்டை மட்டையாக இருப்பதை இலை என்பார்கள். அது தண்டு. இலை என்பது இளம் மட்டையில் அரிசி அளவுக்கு முளைத்துச் சில நாளில் உதிர்ந்துவிடும். மட்டை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கண்கள் இருக்கும். முள்ளும் பூவும் அடுத்த மட்டையும் அந்தக் கண்ணிலிருந்துதான் வரும். பெரிய முள்ளும் மஞ்சள் பூவும் இருந்தால் அது வேலியோர நாகதாளி, பழம் கருஞ்சிவப்பாக இருக்கும். முள் அதிகமில்லாமல் நீள மட்டையோடு, சிவப்புப் பூ கடைசிவரை விரியாமலே நின்றால் அது அதன் பங்காளி. முள்ளே தெரியாமல் பொன்னிறப் பஞ்சு ஒட்டியதுபோல இருக்கிறதே, அதுதான் சரியான போக்கிரி. மெத்தென்று தெரிகிறதே என்று தொட்டால் மூன்று நாள் விரலை உதறிக்கொண்டு அலைய வேண்டும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டித்தான் அந்தச் சுணையை எடுக்க முடியும்.

வளர்ப்பது சுலபம். மட்டையை வெட்டி, நிழலில் பத்து நாள் போட்டு வெட்டுவாயைக் காயவிட்டு, நட்டு நிறுத்த வேண்டும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் காட்டக் கூடாது. மண்ணில் நீர் தேங்கவே கூடாது, பாதிக்கு மேல் மணல் வேண்டும்.

அந்த மணலைத்தான் நான் சைனைடு மேட்டிலிருந்து எடுத்து வந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே பயம். எங்களுக்கு அது ஒரு மேட்டின் பெயர், அவ்வளவுதான். சுரங்கத்திலிருந்து வந்த கல்லை அரைத்து, சைனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண். சிறுவயதில் அட்டையை வைத்துக்கொண்டு அதில் சறுக்கியிருக்கிறோம். மழையும் வெயிலும் பட்டு விஷமெல்லாம் எப்போதோ போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஸ்கூட்டரில் முன்னால் சாக்கை வைத்துக் கொண்டுவந்து கொட்டினேன். செடிகள் நன்றாகவே வந்தன.

லெந்து நோன்பு நாட்களில் என் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். நான்காவது மாதம், சோறு இறங்கவில்லை. வாசலில் நாகதாளி பழுத்திருந்ததைப் பார்த்ததும் "அது வேணும்பா" என்றாள். இருபது வருடத்தில் என் செடியிலிருந்து எதையாவது கேட்ட முதல் ஆள் அவள்தான். இடுக்கியால் பறித்து, கேஸ் அடுப்பில் சுணையைப் பொசுக்கி, தோலைச் சீவி, சாறு பிழிந்து கொடுத்தேன். இரண்டு வாரம் தினமும் குடித்தாள். நாக்கைச் சிவப்பாக நீட்டிக் காட்டுவாள். நான் மனைவியைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொள்வேன்.

ஒரு நாள் காலை பாத்ரூமிலிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அவள் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. உள்ளே போன என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "சேப்பா போயிருக்குதுங்க. ஆட்டோவக் கூப்பிடுங்க."

ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். மகள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். என் மனைவி உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஜெபம்கூட வரவில்லை.

டாக்டர் அம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். ரத்தம் இல்லையாம், குழந்தை நன்றாக இருக்கிறதாம். "பீட்ரூட் சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். மகள் நாகதாளிப் பழம் என்றாள். "அதே சாயம்தான், யூரின்ல வந்துருக்கு. பயந்துட்டீங்களா?" என்றவர், எழுதிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார். "எங்க பறிச்சது? மேட்டோரம் இல்லையே?"

"வீட்லதான் டாக்டர். டப்பாவுல."

"மேட்டு மண்ணு ஒண்ணும் போடலையே?"

"இல்ல டாக்டர். செம்மண்ணு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மனைவியும் மகளும் பக்கத்தில் நின்றார்கள், அப்போதுதான் அழுகையை நிறுத்தியிருந்தார்கள். அதனால் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அது பயம், வெட்கம்கூட.

வீட்டுக்கு வந்ததும் மீதிப் பழத்தையெல்லாம் பறித்துக் குப்பையில் போட்டேன். மகள் கேட்டதற்குப் பூச்சி விழுந்துவிட்டது என்றேன். அது இரண்டாவது பொய். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயமாக இருந்தது. மகள் இருமினால் எழுந்து உட்கார்ந்தேன். தலை வலிக்கிறது என்றால் எத்தனை நாளாக என்று விசாரித்தேன். கள்ளி மண்ணிலிருந்து எதையெல்லாம் உறிஞ்சும் என்று போனில் தேடினேன். ஒருவன் உறிஞ்சும் என்றான், இன்னொருவன் வேரோடு நின்றுவிடும் என்றான், மூன்றாமவன் கள்ளிச் சாறு பாட்டில் விற்றான். பட்டறையில் ஒரு ஷாஃப்டை அளவு தப்பிக் கடைந்து திட்டு வாங்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதைதான். ஆனால் நான் விட்டது மகளின் வயிற்றுக்குள்.

எட்டாவது நாள் சொல்லிவிட்டேன். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். மகள் வாசற்படியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ குடிச்சது சைனைடு மண்ணுல வளர்ந்த பழம்மா. டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் டப்பாக்களைப் பார்த்தாள். வெளிறிய அந்த மண்ணை அவளுக்குத் தெரியாதா? திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கடலையைக் கீழே வைத்தாள்.

"காத்தடிக்கிற மாசத்துல அம்மா சோத்துமேல தட்டப் போட்டு மூடும். அப்பவும் நறநறன்னு பல்லுல கடிபடும். நீங்க இன்னா சொல்லுவீங்க, ஞாபகம் இருக்குதா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. மண்ணைத் தின்றால்தான் உடம்பு கெட்டிப்படும், பேசாமல் சாப்பிடு என்பேன். ஜன்னல் இடுக்கில் ஈரத் துணியைச் செருகிவிட்டு அதன் அடியிலேயே அவளுக்குப் பாய் விரிப்போம். காலையில் அந்தத் துணி மேட்டுத் தூசியில் வெளுத்துப் போயிருக்கும். பதினைந்து நாள் பழத்துக்கு இப்படி நடுங்குகிற நான், இருபது வருடம் அவள் மூச்சில் போனதைப் பற்றி ஒரு நாளும் நடுங்கியதில்லை. அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவளோடு போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஆகாது என்று எழுதித் தர என்னால் முடியாது என்றார். ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து, பயப்படும்படி எதுவுமில்லை என்று வந்தது. அந்தப் பத்து நாளை நான் எழுதப் போவதில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். எங்கள் லைனில் யாரும் அதை மாற்றியதில்லை. நாள் குறித்திருந்தது ஆடியில், மேடு முழுவதும் எழுந்து வீட்டுக்குள் வருகிற மாதத்தில். முன்னறைக்கு நான் ஏற்கெனவே வெள்ளையடித்து, தூளிக்குக் கொக்கியும் மாட்டியிருந்தேன். "பெங்களூர்லயே பெத்துக்கம்மா. அம்மா அங்க வந்துடுவா" என்று நானேதான் சொன்னேன். என் மனைவி என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

செடிகளையெல்லாம் பிடுங்கி, வேரை உதறி, சுவரோரம் சாய்த்து வைத்தேன். நாகதாளி மண்ணில்லாமலே வாரக்கணக்கில் கிடக்கும், அதற்கு அவசரமில்லை. டப்பா மண்ணைச் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் ஏற்றி, எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வந்தேன். வேறு எங்கே கொட்டுவது? முகத்தில் காற்றடித்தது. கொட்டியதில் ஒரு பங்கு எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆடியில் பேத்தி பிறந்தாள். கோரமண்டல் ஸ்டேஷனில் அதிகாலை ரயிலுக்கு நின்றபோது பலத்த காற்று. பிளாட்பாரமே மேட்டுத் தூசியில் மங்கலாகத் தெரிந்தது. பெங்களூரில் அவர்கள் வீட்டு மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திறந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"சட்டைய மாத்திட்டு வாங்கப்பா."

மாற்றுச் சட்டையைத் துவைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு நானே எடுத்து வந்திருந்தேன். அவள் சொல்லாவிட்டாலும் மாற்றியிருப்பேன். இருந்தும் அவள் வாயால் கேட்டபோது வலித்தது. பாத்ரூமில் முழங்கைவரை சோப்புப் போட்டேன், காதுக்குப் பின்னால், கழுத்தில், நகக்கண்ணில் தேய்த்தேன். வாளித் தண்ணீர் தெளிந்துதான் இருந்தது, இருந்தாலும் இன்னொரு முறை கழுவினேன். வெளியே குழந்தை அழ ஆரம்பித்தது. "போதும் வாங்கப்பா" என்று மகள் கூப்பிட்டாள். நான் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.