பஞ்சுவுக்கு ஒரு பிடி பிரசாதம்

பெருமாளுக்குக் காட்டாத ஒரு பருக்கையைக்கூட அரவிந்தவல்லியம்மாள் தன் ஆயுளில் யார் இலையிலும் போட்டதில்லை. பசியோடு வாசலில் நிற்பவர் யாரானாலும், "இதோ, ஒரு நிமிஷம், கண்டருளப் பண்ணிட்டு வந்துடறேன்" என்று உள்ளே ஓடுவாள். அவளுக்கு அது பழக்கம் அல்ல, மூச்சு.

திருவள்ளூரில் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவர்கள் வீடு. கணவர் கிருஷ்ணஸ்வாமி கோயில் சமையற்கட்டான மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்பவர். ஒரே மகன் சடகோபன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் வேலை பார்த்தான். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஊத்துக்கோட்டை வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்குவான். ஒரு சனிக்கிழமை அவன் சட்டைக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு தலை எட்டிப் பார்த்தது. மாற்றலாகி வடக்கே போன அதிகாரி கொடுத்துவிட்டுப் போன பொமரேனியன் குட்டி.

"நாயா? மடப்பள்ளிக்காரன் ஆத்துலயா?" என்று கிருஷ்ணஸ்வாமி குதித்தார்.

"நாய் இல்லேப்பா, பஞ்சு" என்று சிரித்தான் சடகோபன். அதுவே அதன் பெயராகிவிட்டது.

அந்தச் சிரிப்பு இன்னும் எத்தனை நாளைக்கு என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லையே! எழுபத்திரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஆலையில் உலை வெடித்தது. சடகோபன் வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு வந்தான். முகத்தைப் பார்க்க வேண்டாமென்று தடுத்துவிட்டார்கள். துணிக்கு வெளியே தெரிந்த கால்விரல்களைப் பஞ்சு முகர்ந்து பார்த்துவிட்டு, வாலை ஆட்டியது. அவள் அங்கேயே மயங்கி விழுந்தாள்.

அதன்பிறகும் சனிக்கிழமை பஸ் ஹாரன் கேட்டால் பஞ்சு வாசலுக்கு ஓடும். "இல்லேடா கண்ணா, வரமாட்டான்" என்று அவள் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். மகனுக்கென்று வைத்திருந்த அன்பையெல்லாம் எங்கே கொட்டுவாள்? அந்தச் சின்ன வாயில் கொட்டினாள். பருப்பும் நெய்யும் குழைத்த சாதம், தயிர் சாதம், கணவர் தன் பங்காகக் கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கல். முந்திரி தெரிந்தால் பொறுக்கி முதலில் அதற்குத்தான்.

பஞ்சு உருண்டு திரண்டது. ஒரு நாள் சுருண்டு படுத்தது. முதுகை வில்லாக வளைத்து முனகியது; குடித்த தண்ணீரும் வெளியே வந்தது.

சின்ன வயசிலிருந்தே சடகோபனோடு இந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்து, ஆலையிலும் அவனோடு வேலை பார்த்த ஜோசப் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவான். அன்று நல்லவேளையாக வந்தான். நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் பாக்கியநாதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா குடுக்கிறீங்க?"

"நெய் விட்டுப் பருப்பு சாதம், டாக்டர். வேற ஒண்ணும் குறை வெக்கலே."

"அதாம்மா வினை. இத்துணூண்டு உடம்பு, இவ்ளோ நெய் தாங்குமா? கணையம் புண்ணாப் போச்சு. இன்னொரு தடவை வந்தா என்னால ஆகாது. மெட்ராஸ்ல நாய்க்குன்னே பாக்கெட்ல ஆகாரம் விக்கிறாங்க. கொழுப்பு கம்மியா, இனிப்பு இல்லாம, சின்ன வாய்க்குத் தோதா இருக்கிறதாப் பார்த்து வாங்குங்க. அது மட்டும்தான்."

பட்டணத்துக்கு ஜோசப்பே ரயிலில் அழைத்துப் போனான். பெரிய கடை. கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று சீமை டப்பா. மேலே பளபளவென்று மாமிசப் படம். ஒன்று பால் பிஸ்கட். அதில் சுருட்டை முடி நாய்க்குட்டி ஒன்று சிரித்தது. மூன்றாவது, படமே இல்லாத பழுப்புப் பொட்டலம்.

அவள் கை நேராகப் பால் பிஸ்கட்டுக்குப் போனது.

"அம்மா, இரு. பொம்மைய பார்த்து வாங்கினா எப்டி?" ஜோசப் பொட்டலத்தைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தான். "இதுல சக்கரை கீது. வேணாம். டப்பாவுல கொழுப்பு மெதக்குது. இந்தப் பழுப்புதான் சரி. கோதுமை, பால் பவுடர், கொழுப்பு கம்மி. துண்டும் சின்னதாக்கீது. ஆனா..."

"ஆனா?"

"காய்ஞ்ச கறித்தூள் கொஞ்சம் கலந்துகீதும்மா."

கடைக்காரர் சிரித்தார். "இன்னா தம்பி, நாய்க்கும் பூணூல் போட்டுட்டீங்களா?"

அரவிந்தவல்லி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பழுப்புப் பொட்டலத்தைத் தொட்டாள். "இதையே குடுங்கோ. சடகோபன் விட்டுட்டுப் போன உசிரு."

வீட்டில் கிருஷ்ணஸ்வாமி பொட்டலத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், "கொல்லைப்பக்கம் வெச்சுக்கோ. அதுக்குத் தனிக் கிண்ணம். என் கண்ணுல படாம பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள்.

வெந்நீரில் ஊறவைத்த பிஸ்கட்டைக் கிண்ணத்தில் போட்டபோதுதான் அவள் கை நின்றது. மாமிசம் கலந்ததைப் பெருமாள் முன்னால் வைக்க முடியாது. கண்டருளப் பண்ணாததை எப்படித் தன் குழந்தைக்குப் போடுவாள்? யோசித்தாள். உள்ளே போய் ஒரு துளி சர்க்கரைப் பொங்கலை எடுத்துவந்து மேலே கலந்தாள். இப்போது அதுவும் பிரசாதம்தான். மனசு ஆறியது. அன்றிலிருந்து தினம் ஒரு துளி.

பஞ்சு தேறியது. முனகல் நின்றது. மறுபடி சனிக்கிழமை வாசலுக்கு ஓடியது. தை அமாவாசை வந்தது. ஊரெல்லாம் குளத்தில் முழுக்குப் போட வந்த கூட்டம். கிருஷ்ணஸ்வாமி கொண்டுவந்த பொங்கலில் நெய் வழிந்தது. "என் பஞ்சுவைக் காப்பாத்திக் குடுத்தியே, பெருமாளே" என்று கண்ணீர் விட்டாள் அவள். அன்று துளி போதவில்லை. நன்றி பெரிதாக இருந்தது. ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் வைத்தாள். பஞ்சு கிண்ணத்தை நக்கித் தீர்த்தது.

மறுநாள் காலையில் அதனால் எழுந்திருக்க முடியவில்லை.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தார். "பொட்டலத்துல இருக்கிறதைத் தவிர வேற எதாவது குடுத்தீங்களா?"

"இல்லே டாக்டர். சாதம்கூடத் தொடலே. பிரசாதம் மட்டும்தான்."

"பிரசாதமா?"

"பொங்கல். பெருமாளோடது." அவர் முகத்தைப் பார்த்தாள். "அது... சாப்பாட்டுக் கணக்குல வருமா, டாக்டர்?"

பாக்கியநாதன் ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவர் சொல்லாமல் விட்டதை அவள் கேட்டுவிட்டாள்.

அவள் மடியிலேயே பஞ்சு போனது. தூரத்தில் ஏதோ பஸ் ஹாரன் அடிக்க, அதன் காது ஒருமுறை நிமிர்ந்து மடிந்தது. கொல்லையில் பவழமல்லிச் செடிக்கு அடியில் கிருஷ்ணஸ்வாமியே குழி தோண்டினார். மடப்பள்ளிக் கரண்டி பிடித்த கைகளால், தனிக் கிண்ணத்தையும் அதோடு வைத்து மூடினார்.

அடுத்த மாதம் புதுப் பழுப்புப் பொட்டலத்தோடு ஜோசப் வந்தான். செய்தி கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, பேச்சை மாற்றவோ என்னவோ, "அம்மா, பசிக்குது. பொங்கல் கீதா?" என்றான்.

அவள் வழக்கம்போல் உள்ளே ஓடினாள். இலை போட்டாள். கரண்டியில் பொங்கலை எடுத்தாள். கரண்டி இலைக்கு மேலேயே நின்றது. நெய் ஒரு சொட்டு இலையில் விழுந்தது.

"என்னால முடியலேடா, ஜோசப்."

ஜோசப் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கினான். தானே பரிமாறிக்கொண்டான். கண்ணீர் இலையில் சொட்டச் சொட்ட ஒரு வாய் உண்டான்.

"பாரும்மா, எனக்கு ஒண்ணும் ஆவலை. நீ போட்டத சாப்ட்டு சடகோபனும் நானும் வளர்ந்தோம். அழுவாத."

அவள் அழுதாள். அழுதுகொண்டே, அவன் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள்.