பதினெட்டு என்று எழுதியிருந்தார்கள்

என் மனைவி நர்ஸ். இருபத்தொரு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியும், அவள் வேலை செய்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பது? அவளுடைய வார்டுக்குள் போக வேண்டுமென்றால் ஒன்று நான் நோயாளியாக வேண்டும், இல்லையென்றால் அங்கே லிஃப்ட் கெட்டுப்போக வேண்டும். நான் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்த்துக்கொள்வது வேறு கம்பெனி. ஆகவே எனக்குத் தெரிந்த நர்ஸ், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு யாரும் தன்னோடு பேசக்கூடாது என்று உத்தரவு போடும் ஒரு பெண். அவ்வளவுதான்.

அவளுக்கும் என் அக்காவுக்கும் ஆகாது. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்காதான். தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம் ஆகி, மாமாவும் போய், பிள்ளையும் இல்லாமல் தனியாக இருக்கிறாள். நாக்கில் மட்டும் கொஞ்சம் விஷம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டு விருந்தில், பரிமாற வந்த என் மனைவியைப் பார்த்துத் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"நீ வைக்காதம்மா. நாள் முழுக்கக் கண்டவங்க மூத்திரம் அள்ளுற கை."

கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள், கை கழுவினாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டை போடவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து, அக்காவை அவள் கூப்பிடும் 'அண்ணி' என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கவில்லை. அக்காவைப் பார்க்க நான் மட்டும் போய் வந்தேன். நடுவில் மாட்டிக்கொண்ட ஆம்பிளையின் பாடு சொல்லி மாளாது, விடுங்கள்.

போன வருடம் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். வீக்கம் அதிகமாக இருந்ததால் வயிற்றில் பெரிய கீறலாகப் போட்டு எடுத்தார்கள். என் மனைவி வேலை செய்வது ஊரின் மறுகோடியில். இது வேறு ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு, முப்பத்தினாலு கட்டில். "அவகிட்ட சொல்லாதேடா" என்றாள் அக்கா. சொன்னேன். மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "யாரு ஆபரேஷன் பண்றாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் போனபோது அக்கா ஒரு மாதிரியாக இருந்தாள். காலையில் என்னிடம் போனில் நன்றாகப் பேசியவள், இப்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "மழை வருது, துணியெல்லாம் உள்ள எடுத்து வை" என்றாள். வெளியே சுள்ளென்று வெயில். நர்ஸிடம் கேட்டேன். "வலி மருந்து போட்டிருக்கோம்ல, அந்த அசதிதான். தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றாள்.

மனைவிக்குப் போன் போட்டு இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மூச்சு எப்படி இருக்கு?"

"விடுறாங்க."

"விடுறாங்கன்னு எனக்கும் தெரியும். எப்படி விடுறாங்க? மேலோட்டமா, வேகமாவா?"

"வேகமாத்தான் இருக்கு."

"கட்டிலுக்குக் கீழ யூரின் பை தொங்கும். குனிஞ்சு பாருங்க. எவ்வளவு இருக்கு, என்ன கலர்?"

குனிந்தேன். அடியில் கொஞ்சம், டிகாக்ஷன் நிறத்தில்.

"கை விரலைத் தொட்டுப் பாருங்க."

"சில்லுனு இருக்கு."

"வரேன்" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, இரண்டே முக்காலுக்கு வாசலில் நின்றாள். பார்வை நேரம் நாலு மணிக்குத்தான்; கூட இருக்க ஒருவருக்கு மட்டும் தரும் பாஸ் என்னிடம் இருந்தது. நான் இறங்கிப் போனபோது காவல்காரர் அவளை மறித்துக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் அங்கேயே ஒரு ரகளை நடந்திருக்கும். அவள், "உங்க விதி சரிதான் அண்ணே. உள்ள ஒருத்தங்க நிலைமை மோசமாகிட்டிருக்கு. இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட பேசணும். என்னைத் தனியா விட வேண்டாம், நீங்களே கூட வாங்க" என்றாள். மனுஷன் நிஜமாகவே கூட வந்தார். மூன்று பேருமாக மாடி ஏறினோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை.

அங்கேதான் நான் அவளை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஓடிப்போய் அக்கா முகத்தில் குனியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு கணம் அசையாமல் நின்றாள். அவள் கண் மட்டும் நகர்ந்தது. நான் இரண்டு மணி நேரமாக அதே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அவள் பார்த்த எதையும் நான் பார்த்திருக்கவில்லை. நர்ஸைக் கூப்பிடும் மணியின் சுவிட்ச் கட்டிலுக்குப் பின்னால், எட்டாத இடத்தில் தொங்கியது. டிரிப் ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து தோலுக்கடியில் போய், புறங்கை பன் மாதிரி உப்பியிருந்தது. குதிகால் ஒரே இடத்தில் அழுந்திச் சிவந்திருந்தது. வயிறு மேடிட்டிருந்தது.

மணியை எடுத்து அக்காவின் நல்ல கைக்குள் வைத்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்துத் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். நாடி பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் சொன்னாள், நாடி பார்ப்பது போலப் பிடித்துக்கொண்டு மூச்சைத்தான் எண்ண வேண்டுமாம். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சின் போக்கு மாறிவிடுமாம். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள், தள்ளுவண்டி கடகடவென்று போனது, என் போன் அடித்தது. அவள் திரும்பவில்லை. ஒரு முழு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இருபத்தெட்டு" என்றாள்.

கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். மூச்சு என்ற வரிசையில் காலை ஆறு மணிக்குப் பதினெட்டு. பத்து மணிக்குப் பதினெட்டு. இரண்டு மணிக்கும் பதினெட்டு.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "என்னய்யா ஆஸ்பத்திரி நடத்துறீங்க" என்று ஆரம்பித்தேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். "நீங்க கொஞ்சம் கதவுகிட்ட நில்லுங்க. உங்க சத்தத்துல நான் பேசுறது கேக்காமப் போயிடும்." போய் நின்றேன். காவல்காரரும் நானும் பக்கத்துப் பக்கத்தில், தப்பு செய்த பிள்ளைகள் மாதிரி.

இன்சார்ஜ் சிஸ்டர் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கையில் மாத்திரைத் தட்டு, இன்னொரு கையில் போன், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"சிஸ்டர், நானும் நர்ஸ்தான்" என்றாள் என் மனைவி. "குறை சொல்ல வரல. முப்பத்தினாலு பேருக்கு ரெண்டு பேர் நிக்கிறீங்க, பார்த்தாலே தெரியுது. எங்க அண்ணிக்கு மூச்சு இருபத்தெட்டு. நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்க."

"ரெண்டு மணிக்குத்தான் பார்த்திருக்கு. பிரஷர் நார்மல். காய்ச்சலும் இல்ல."

"காய்ச்சலுக்கான மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் டிரிப்ல போகுது சிஸ்டர். இருந்தாலும் வெளிய தெரியாது."

அந்த அம்மாளின் முகம் இறுகியது. "இது உங்க ஆஸ்பத்திரி இல்லம்மா. இங்க நீங்க விசிட்டர்."

"விசிட்டர்தான். அதனால எதையும் தொட மாட்டேன். எண்ணத்தான் கூப்பிடுறேன். ஒரே நிமிஷம்."

இவளைத் தட்டிக் கழிப்பதற்காகத்தான் அவர் வந்தார் என்று நினைக்கிறேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்தார். பாதி நிமிடத்தில் புருவம் சுருங்கியது. முழு நிமிடமும் எண்ணினார். எண்ணி முடித்து, கையை விடாமல், "முப்பது" என்று மெதுவாகச் சொன்னார். உடனே டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டார்.

டாக்டர் வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் சிஸ்டர் நாடியை எண்ணி, யூரினை அளந்து, வயிற்றை அழுத்திப் பார்த்தார்; என் மனைவி பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டாள். இளைஞர். வந்ததிலிருந்து போவதிலேயே குறியாக இருந்தார். வயிற்றை லேசாகத் தொட்டுவிட்டு, "வாயு சேர்ந்திருக்கு. வலியில மூச்சு அப்படித்தான் வாங்கும். நாளைக்குக் காலைல பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், சொல்றேன்" என்றார்.

என் மனைவி அவருக்கு எதிரே வந்து நின்றாள். குரல் உயரவில்லை. வீட்டில் பால்காரரிடம் கணக்குச் சொல்லும் அதே குரல்.

"டாக்டர், பித்தப்பை ஆபரேஷன் ஆகி இது மூணாவது நாள். காலைல தெளிவாப் பேசினவங்க இப்ப குழம்புறாங்க. மூச்சு முப்பது, நாடி நூத்தி இருபத்தாறு. காலைலேருந்து யூரின் நூத்தம்பது மில்லிதான். கை கால் சில்லிட்டிருக்கு. வயிறு உப்பிக் கல்லாட்டம் இருக்கு. உள்ள ஏதோ கசியுதுன்னு எனக்குப் பயமா இருக்கு. பெரிய டாக்டரை இப்பவே கூப்பிடச் சொல்லிக் கேக்குறேன்."

"இதுக்கெல்லாம் அவரைத் தொந்தரவு பண்ண முடியாதும்மா."

"சரி. கூப்பிட வேணாங்கிறது உங்க முடிவு. அதைக் கேஸ் ஷீட்டுல எழுதிடுங்க. சொந்தக்காரங்க மூணு அம்பதுக்குக் கேட்டாங்க, அவசியமில்லன்னு நான் சொன்னேன்னு எழுதி, பேர் போட்டு ஒரு கையெழுத்து. அது போதும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். பேனா தாளுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. வார்டே அந்தப் பேனாவைப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. நாலு வாக்கியத்தில் ஒரு மனிதரை அவருடைய வேலைக்கு நேராகத் திருப்பி நிறுத்தியிருந்தாள்.

இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால் வந்தார். "நான் கூப்பிடுறேன் டாக்டர். நானும் எண்ணினேன். முப்பதுதான்." சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்தார். என் மனைவி அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், எத்தனையோ வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் போல அந்த ஒரு நொடியில் இருந்தார்கள்.

பெரிய டாக்டர் நாலரைக்கு வந்தார். வயிற்றில் கை வைத்ததுமே அவர் நடை மாறிவிட்டது. ஸ்கேன். உள்ளே பித்தநீர் கசிந்து வயிறு முழுக்கப் பரவியிருந்தது. ஆறு மணிக்குள் மறுபடி ஆபரேஷன் என்றார்கள். அதற்குள் சிஸ்டர்கள் டிரிப்பை வேறு கைக்கு மாற்றினார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். என் மனைவி சொன்னபடியே டிரிப், மருந்து எதையும் தொடவில்லை. ஒரு துண்டைச் சுருட்டிக் கணுக்காலுக்குக் கீழே வைத்துக் குதிகாலை விடுவித்தாள். காய்ந்த உதட்டை ஈரத் துணியால் ஒற்றினாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "யாரு?"

"நான்தான் அண்ணி."

ஒன்பது வருடம் கழித்து வந்த சொல். அக்காவுக்குப் புரிந்ததா என்று தெரியாது. துணி பிடித்திருந்த கையை அப்படியே பற்றிக்கொண்டாள். வண்டியில் ஏற்றும்போது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவள் செருப்பைக் கழற்றினாள்.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்றேன்.

"தெரியல. பயமாத்தான் இருந்துச்சு. வெறும் வாயுவா இருந்திருந்தா அத்தனை பேர் முன்னாலயும் என் பொழப்பு சிரிப்பாச் சிரிச்சிருக்கும்." பிறகு சொன்னாள். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் பதினெட்டுன்னு எழுதியிருக்கேங்க. எண்ணாம. எல்லாருக்கும் அதே பதினெட்டு. ஒரு பெரியவர், ஜன்னலோரக் கட்டில். நான் எழுதிட்டுப் போய் ஒரு மணி நேரத்துல போயிட்டார். எண்ணியிருந்தாலும் பிழைச்சிருப்பாரான்னு தெரியாது. யாரும் என்னை ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் ஒருத்தரையும் எண்ணாம விட்டதில்ல."

இருபத்தொரு வருடத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர், ஒரு வருடத்துக்கு எத்தனை ஷிப்ட். போட முடியவில்லை. நான் தூங்கும்போதும், சாப்பிடும்போதும், அவளோடு உப்புச் சப்பில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டுவிட்டுப் போகும்போதும், எங்கோ ஒரு கட்டிலருகில் நின்று இவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஆயிரமாயிரம் பேரில் எவருக்கும் இவள் பெயர் தெரிந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "காலை வரைக்கும் விட்டிருந்தா சொல்றதுக்கில்ல" என்றார். யார் கவனித்தது என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். அவள், "உங்க இன்சார்ஜ் சிஸ்டர்தான் சார் கூப்பிட்டாங்க" என்றாள்.

அக்கா ஐந்து நாள் தீவிர சிகிச்சையிலும், பதினொரு நாள் வார்டிலும் இருந்தாள். புகார் எழுதலாம் என்று நான் குதித்தேன். என் மனைவி எழுதினாள், ஒன்றரைப் பக்கம். அட்டையில் எழுதியதையும், தான் எண்ணியதையும் மணி வாரியாக வைத்தாள். முப்பத்தினாலு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் என்பதைத்தான் முதல் வரியாக வைத்தாள். ஒருவர் பெயரும் இல்லை. மூன்று மாதம் கழித்து மத்தியான ஷிப்டுக்கு இன்னொரு நர்ஸ் போட்டார்களாம். அவ்வளவுதான் நடந்தது. அவள் அதற்கே சந்தோஷப்பட்டாள்.

உடம்பு தேறும் வரை அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு அது என் அக்காதானா என்று சந்தேகம் வந்திருக்கும். குழம்பில் காரம் போதாது, திரைச்சீலை தையல் கோணல் என்று எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தாள். ஆனால் என் மனைவி வேலை முடிந்து வந்து காலைத் தூக்கி வைத்ததும், அந்தப் பத்து நிமிட உத்தரவை மீறும் தைரியம் அக்காவுக்கு மட்டும்தான் இருந்தது.

"இன்னைக்கு எத்தனை பேரு?"

"இருபத்தாறு அண்ணி."

"எல்லாரும் எப்படி இருக்காங்க?"

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொருவராகச் சொல்வாள். நான் இந்தப் பக்கம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரி படிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"கடைசிக் கட்டில்ல ஒரு அம்மா. தலையில அடிபட்டு வந்தாங்க. பதினஞ்சு நாளா ஒரு வார்த்தை பேசல. இன்னைக்கு மத்தியானம் ஜன்னலைச் சாத்துன்னு சொன்னாங்க."

அக்கா தையலிலிருந்து நிமிர்ந்தாள். "சாத்தினியா?"

"சாத்தினேன் அண்ணி."