வேனில் வெந்த சேறு

போன வாரம் எங்கள் மலையூர் தானா ராத்தாவின் மார்க்கெட்டில் கமலா அக்காவைப் பார்த்தேன். ஒரு கட்டு வாட்டர்கிரெஸ் கீரை வாங்கிக்கொண்டிருந்தார். சமீபம் வரை அதே மார்க்கெட்டில் அதே கீரையை விற்றவர்!

"மறுபடி போடலாமே அக்கா?"

"போட்டா யாரு டீச்சர் வாங்குவா? எஸ்டேட் லைன் வீட்டுல பக்கத்து வீட்டுக்காரியே என் கையால ஒண்ணும் வாங்கித் திங்கிறதில்ல."

என்ன நடந்தது?

அக்கா குடியிருப்பது தேயிலை எஸ்டேட்டில். சரிவுக்குக் கீழே ஓடைச் சேற்றில் கீரை போட மேனேஜர் இடம் கொடுத்திருந்தார். ஓடையில் மீன் செத்து மிதந்ததாக யாரோ புகார் செய்ய, அதிகாரிகள் வந்து சேற்றை டப்பாக்களில் அள்ளிப் போனார்கள். சோதனைக் கூடத்தில் அந்தச் சேற்றில் விட்ட குட்டி இறால்கள் அத்தனையும் செத்தன.

'சேற்றில் விஷம்!' — வாட்ஸ்அப்புக்கு இது போதாதா?

"எல்லாத்தையும் புடுங்கிடு கமலா, எஸ்டேட் பேரு கெடுது," என்றார் மேனேஜர். அக்காவும் புருஷனும் முழங்கால் தண்ணீரில் நின்று, பச்சைப் பசேலென்று இருந்ததைப் பிடுங்கி எறிந்தார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. துறைமுகத்துக் கடல் சேற்றை இப்படிச் சோதிக்கும் என் காலேஜ் தோழி ரோகிணிக்கு போன் போட்டேன். அவளுடைய முதல் கேள்வி: "சேத்த எப்படிக் கொண்டு போனாங்க?"

விசாரித்தேன். வேன் மலை இறங்கியதும் சோதனைக் கூடத்துக்கு லீவு. டப்பாக்கள் வேனிலேயே கிடந்திருக்கின்றன… ஐஸ் இல்லாமல், அடிவாரத்து வெயிலில்!

"அப்போ அது ஓடைச் சேறே இல்ல லா," என்றாள் ரோகிணி. "மூடுன டப்பாவுல சூடு ஏறுனா, உள்ள இருக்கிற இலை தழை அழுகி அம்மோனியா கூடிரும். இறால் சாக அதுவே போதும். கடல் சேறுன்னாலும் இதே கதைதான். ஐஸ்ல வச்சு, சீக்கிரமா டெஸ்ட் பண்ணணும்."

எழுதினேன், நச்சரித்தேன். ஒருவழியாக ஐஸ் பெட்டியோடு மறுபடி வந்து எடுத்தார்கள். இந்த முறை இறால்கள் ஜோராக நீந்தின. மீன் ஏன் செத்தது? அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதிகாரி தமிழர்தான். "அக்காகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கலாமே?" என்றேன்.

"சாம்பிள்னா முன்னப் பின்ன ஆகும் டீச்சர். பியாசா லா."

சகஜமாம்!

நல்ல ரிசல்ட்டை எஸ்டேட் குரூப்பில் நானே போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதற்குக் கீழேயே யாரோ பழைய விஷச் செய்தியை மறுபடி ஃபார்வர்ட் செய்திருந்தார்.

சேற்றுக்கு மறு டெஸ்ட் உண்டு… மனுஷிக்கு?