ஒரு நாள் மூத்திரம்

சோதனைக்கூடத்துப் பெண்ணுக்கு அவர் நானூறு கடன்பட்டிருந்தார். இருபது வருடம் கட்டணக் கழிப்பறை நடத்தி, ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்திலிருந்தே மாடி வீடு எழுப்பியவர். அதுவரை யாரிடமும் சல்லிக்காசு பாக்கி வைத்ததில்லை. கையெழுத்துக்கு மேல் படிப்பு ஏறவில்லை. ஆனாலும் வாடையை வைத்தே, "இவன் தண்ணியே குடிக்காதவன்" என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுக் காறித் துப்புவார். அவ்வளவு அருவருப்பு.

இப்போது அவர் கால்களே வீங்கிவிட்டன. ஒரு நாள் முழுவதும் போவதைச் சேர்த்து வரும்படி அந்தப் பெண் ஒரு பெரிய கேனைக் கொடுத்தாள். அவர் கையிலிருந்த பணம் மருந்துக்கே தீர்ந்திருந்ததால், "அப்புறம் தாங்க" என்றாள்.

இரண்டாம் நாள் கேனை அளந்தவளின் முகம் மாறியது.

"முந்நூறு மில்லிதான் இருக்கு, ஐயா. சிறுநீரகம் ஓய்ஞ்சுபோச்சுன்னு எழுதிடுவாங்க. வாரத்துல மூணு நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின்ல படுக்கணும்."

மெஷினில் படுத்தால் கழிப்பறை மச்சான் கைக்குப் போய்விடும்.

கூட வந்திருந்த மனைவி வாயைத் திறந்தாள். "ராத்திரி போனதை மட்டும்தாம்மா பிடிச்சாரு. பகல் பூரா போனதைக் கடைக் கக்கூஸ்லயே விட்டுட்டு வந்துட்டாரு. கேனைத் திறந்தா குமட்டுதாம்!"

"சும்மா இருடி! உடம்புக்குள்ள இப்படி ஒரு சாக்கடையா?"

"சாக்கடை இல்ல ஐயா, துப்புரவு வேலை" என்றாள் அந்தப் பெண். "ரெண்டு சிறுநீரகமும் ரத்தத்தை ஓயாம வடிகட்டுது. ஒரு நாளைக்கு நூத்தி எண்பது லிட்டர் வடியும். தண்ணி, சத்து எல்லாத்தையும் பொறுக்கி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிட்டு, கழிவை மட்டும் ஒண்ணரை லிட்டரா வெளிய தள்ளும்."

"நூத்தி எண்பதா? ஊரே வந்தாலும் என் கடையில அவ்வளவு சேராதே!"

"அது தூக்கத்துலயும் வேலை பாக்குது. நீங்க கல்லாவுல உக்காந்து துப்பறீங்க" என்றாள் மனைவி.

மறுபடியும் ஒரு கேன். உடம்பு கூசக் கூச, ஒரு சொட்டு விடாமல் பிடித்தார். கேனோடு அவர் வருவதைப் பார்த்த வாடிக்கையாளன் ஒருவன் முகத்தைச் சுளித்தான். அது தன் சுளிப்பேதான் என்று அவருக்குத் தெரிந்தது.

ஆயிரத்து நானூறு மில்லி!

"புரதம் கொஞ்சம் ஒழுகுது. மாத்திரை போட்டு உப்பைக் குறைச்சா போதும்னு டாக்டர் சொல்லிட்டார். மெஷின் வேண்டாம்."

கடன் எண்ணூறாகியிருந்தது. அவர் பணத்தை மேசையில் வைக்கப் போனார். கழிப்பறைக் கல்லாவில் அவர் கையைத் தொட்டு யாரும் காசு கொடுத்ததில்லை. தட்டில் வீசிவிட்டுத்தான் போவார்கள்.

"கையிலயே குடுங்க, ஐயா."

சற்று முன் அவருடைய கேனைக் கழுவிய கை அது. அவருக்கு இன்னும் குமட்டத்தான் செய்தது. இருந்தும் விரித்த அந்த உள்ளங்கையில் நூறு நூறாக எட்டுத் தாள்களையும் எண்ணி வைத்தார்.