அண்டர் பிராசஸில் அப்பாவின் காது

கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய ஒரு மிக்சி ஜார்தான் எனக்கு அந்த யோசனையைக் கொடுத்தது. காலையில் ஃபோன் சொன்னது: உங்கள் பார்சல் குண்டலுபேட்டையைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில்: நஞ்சன்கூடு. அம்மிக்கல்லில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"ஏன் அம்மிணி, ஒரு ஜாரு எங்க நிக்குதுன்னு நிமிசத்துக்கு நிமிசம் சொல்றாங்க. உங்கப்பா பேப்பரு எங்க நிக்குதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே?"

நான் சட்னிக்குக்கூடக் காத்திராமல் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

அப்பாவின் பேப்பர் என்பது ஒரு மேல்முறையீடு. அவர் பீரங்கிப் படையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காது பாதி. ஓய்வு பெறும்போது சோதித்த மருத்துவக் குழு, காது கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் அது ராணுவப் பணியால் வந்ததல்ல என்று ஒரு வரி எழுதிவிட்டது. அதனால் ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது. பென்ஷனைவிட அந்த ஒரு வரிதான் அப்பாவை உறுத்திக்கொண்டிருந்தது. "பீரங்கிக்குப் பக்கத்துல நின்னவனுக்குக் காது வேற எங்க போயிருக்கும்? கல்யாண மேளத்துலயா?" என்பார். வரியை மாற்றச் சொல்லி விண்ணப்பித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இணையதளத்தில் நம்பரைப் போட்டால் 'அண்டர் பிராசஸ்' என்று மட்டும் வரும்.

"என்ன பெரிய பிராசஸு, இட்லி மாவு ஒரு ராத்திரில பொங்கிருது" என்பது அம்மாவின் கருத்து.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு நானும் ஒரு கம்பெனியின் பதிலுக்காகக் காத்திருந்த சமயம். சொந்தக் காத்திருப்பை ஒன்றும் செய்ய முடியாதவள் அப்பாவுடையதைக் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாளில் ஒரு புரோகிராம் எழுதினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்க்கும். ஏதாவது மாறியிருந்தால் அப்பாவின் சட்டைப்பையில் ஃபோன் அதிரும். மணி அடிக்க வைத்துப் பயனில்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயம்.

மூன்றாம் நாளே அதிர்ந்தது. அப்பா அப்போது ஒரு தொழிற்சாலை கேட்டில் காவல் வேலையில் இருந்தார். பர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். காலையில் செய்த ஷேவிங்கை மறுபடி செய்தார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் விறைப்பாக உட்கார்ந்தார். நான் பக்கத்தைத் திறந்தேன். மேலே ஒரு செண்டுமல்லி மாலை தொங்கியது.

"வாழ்த்துச் சொல்லியிருக்காங்கப்பா."

"எனக்கா?"

"இல்லப்பா. நாட்டு மக்கள் எல்லாருக்கும். பண்டிகை வருதில்ல."

"பதிலுக்கு நாமும் சொல்லிரலாமா?" என்றாள் அம்மா, ரொம்ப சீரியஸாக.

அடுத்த வாரம் எழுத்தின் நிறம் மாறியதற்கு ஒரு ஷேவிங். அதற்கடுத்த வாரம் தளமே படுத்துக்கொண்டதற்கு இன்னொன்று. கேட்டில் கூட வேலை பார்ப்பவர்கள் அப்பாவின் வழுவழுப்பான தாடையைப் பார்த்தாலே "ஆர்டர் பந்தா சார்?" என்று, வந்துவிட்டதா எனக் கன்னடத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆர்டர் வரவில்லை, பிளேடுதான் தீர்ந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை நிஜமாகவே வந்தது. மறு மருத்துவக் குழுவின் முன் பெங்களூருக்கு நேரில் வரவும். பணிக்கால மருத்துவப் பதிவுகள் குறித்து விளக்கமும் தரவும்.

என்ன பதிவு, என்ன விளக்கம்? அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியை முதல்முறையாக நான் குடைந்தேன். வருடா வருடம் நடந்த உடல் பரிசோதனையின் நகல்கள் அதில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. காது: இயல்பு. அடுத்த வருடம், காது: இயல்பு. பீரங்கிக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்ற மனுஷனுக்கு, பாம்புக்குப் பொறாமை வரும்படியான காது.

வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து, "இது என்னப்பா?" என்று கத்தினேன்.

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

"அது வந்து அம்மிணி... டாக்டரு பின்னால நின்னு மெதுவா நம்பர் சொல்லுவாரு. நாம திருப்பிச் சொல்லோணும். எதிர்த்தாப்புல வரிசைல நம்ம கொள்ளேகால்காரன் நிப்பான். அவன் தொடையில வெரல வெச்சுக் காட்டுவான்."

"ஏம்ப்பா?"

"காது போச்சுன்னு தெரிஞ்சா பீரங்கிய விட்டு எடுத்து ஸ்டோர்ல போட்டுருவாங்க. உக்காந்து போர்வை எண்ணச் சொல்றயா?"

ஓய்வு பெறும்போது காதில் மாட்டிச் சோதிக்கும் மெஷின் வந்துவிட்டதாம். மெஷினுக்குள்ளிருந்து வரும் சத்தத்துக்கு விரல் காட்ட யாராலும் முடியவில்லை. இவ்வளவு வருடம் நன்றாக இருந்த காது கடைசி நாளில் கெட்டால் எந்த டாக்டர்தான் பணியால் வந்தது என்று எழுதுவார்? கிட்டத்தட்ட ஒரு வருடமாக யார் யாரையோ திட்டினோம். குற்றவாளி எங்கள் வீட்டிலேயே உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "ஏனுங்க, கெட்டிக்காரருங்க நீங்க. கவர்மெண்ட்டையே ஏமாத்திப்போட்டு அவங்ககிட்டயே நியாயமும் கேக்கறீங்க!"

எனக்குச் சிரிப்போடு பயமும் வந்தது. இவர் அங்கே போய் டாக்டர் முன்னால் நின்றால் பழைய வித்தையைத்தானே காட்டுவார்? ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பாவைக் கூடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி நின்று மெல்ல, "ஏழு" என்றேன்.

"ஏழு!"

"மூணு."

"மூணு!"

பீரோ கண்ணாடியில் என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிமேல் போர்வையைப் போட்டேன். மறுபடி, "ஒன்பது."

"ஒன்பது!"

சமையலறை வாசலைப் பார்த்தேன். அம்மா புடவைத் தலைப்புக்குக் கீழே ஒன்பது விரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா!"

"அவரு பதில் தெரியாம நிக்கறதப் பாக்க முடியல கண்ணு. என்னமோ கை தானா வந்துருச்சு."

அம்மாவை மொட்டை மாடிக்குத் துணி எடுக்க அனுப்பிவிட்டுத் திரும்பவும் நின்றேன். "எட்டு" என்றேன். பதில் இல்லை. இன்னொருமுறை சொன்னேன். அப்பா நிமிர்ந்த முதுகோடு, கட்டைவிரல்களைப் பேன்ட் தையலில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை என்று சொன்னால் போதும், அவ்வளவுதான் ஒத்திகை. கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஃபிட் சார்."

அன்றைக்கு அதற்குமேல் நான் எண் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் காப்பியோடு இரண்டாவது யோசனையை எடுத்துக்கொண்டு போனேன். விரல் காட்டிய நண்பர் இப்போது கொள்ளேகாலில் நூல் கடை வைத்திருக்கிறார். எந்தெந்த வருடம் விரல் காட்டினார் என்று அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், காது எப்போதிலிருந்து போனது என்பதற்கு அதுதான் சாட்சி.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். "கூட நின்னவனக் காட்டிக் குடுக்கச் சொல்றயா?"

"அவர இல்லப்பா. உங்களக் காட்டிக் குடுக்கத்தான் அவர்கிட்ட கேக்கறோம்."

அவர் யோசித்தார். காப்பி ஆறி ஆடை கட்டியது. அம்மா அதை எடுத்துப்போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தாள்.

"அப்படின்னா நேர்ல போய்த்தான் கேக்கோணும்" என்றார். "ஃபோன்ல எனக்கு..." நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க" என்றாள் அம்மா. "ஃபோன்ல உங்களுக்கு?"

"சரியாக் காது கேக்கறதில்ல."

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் போய்ப் பார்த்தது தப்பான இடத்தை என்று தோன்றியது. கேலி செய்ய அம்மா வாயைத் திறந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அப்பாவும் கொள்ளேகால் போகிறோம். ஜன்னல் ஓரம் எனக்கு வேண்டும் என்று சண்டை போடக்கூடாது, அவருடைய வலது பக்கம் எதுவோ அதில்தான் உட்கார வேண்டும். வழியில் நரசிப்புரம் வரை போகட்டும் என்று விட்டுவிட்டு, அதற்கப்புறம் காது கேட்பதில்லை என்ற அந்த மூன்று வார்த்தையை இன்னொருமுறை சொல்ல வைத்துப் பார்க்கப் போகிறேன். இந்த முறை 'சார்' சேர்த்து.