நைனா செத்துப் பிழைத்த நாடகம்

எங்கள் குப்பத்து நாடகங்களில் யாரும் சாவதில்லை. வில்லனைக்கூடக் கடைசியில் திருத்தி, மாலை போட்டு, உட்காரவைத்துக் கறிச்சோறு போட்டுவிடுவார்கள். திருவொற்றியூர்க் கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகும் சமயத்தில் அம்மனுக்குத் திருவிழா. திருவிழாவில் நாடகம். அது முடிந்த சூட்டோடு விசைப்படகுகள் கிளம்பும். படகேறப்போகிற ஆட்கள்தான் நடிகர்கள். அவர்களில் ஒருவனை மேடையில் சாகடித்தால் கடல் காதில் விழாமலா போகும் என்பது ஊர்க் கணக்கு.

அந்த நாடகங்களை எல்லாம் செய்தது என் அத்தை, நைனாவின் அக்கா. எழுதினாள் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். காசிமேட்டில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் விற்றுக்கொண்டே மனசுக்குள் வசனம் கட்டுவாள். வாங்க வந்தவர்கள் வாயிலிருந்து விழுவதெல்லாம் அவள் கூடைக்குள் போகும். "வஞ்சிரம் கேக்குற மூஞ்சி, காரப்பொடி வாங்குற காசு" என்று எவளோ எவளையோ ஏசியது, அந்த வருடமே மாமியார்க்காரி வசனமாக மேடையேறிக் கைதட்டல் வாங்கியது. ஏசியவளும் கைதட்டினாள்.

"ஊரு பேசுது. நான் செதிலு எடுக்குறேன், அவ்ளோதான்" என்பாள் அத்தை.

மைக்கில் மட்டும் 'கதை வசனம்: ஊர் இளைஞர்கள்' என்று அறிவிப்பார்கள். "நான்தான்டி அந்த எளைஞருங்க" என்று அத்தை என் தொடையில் கிள்ளுவாள்.

அத்தையின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, விசாகப்பட்டினம் போயிருப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் பிறக்கும் முன்பே போனவர். அங்கே அவருக்கு லீவே தரமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அத்தை நெற்றியில் பெரிய பொட்டும் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலுமாகத்தான் எப்போதும் இருப்பாள்.

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம் அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"இந்த வாட்டி அவன் திரும்ப மாட்டான். கடல்ல பூட்டான். பொண்டாட்டி வளையல ஒடைக்கிறா. கத அத்தோட முட்ஞ்சிது."

அந்த 'அவன்' என் நைனா. மேடையில் அவனுடைய பொண்டாட்டி, என் மாமன், அம்மாவின் தம்பி. ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்குகிறவர்தான், ஆனால் மீசையை மழித்துவிட்டால் எங்கள் தெருவிலேயே லட்சணமான பெண் என்று பெயர்.

"அக்கா, என் வூட்டுக்காரிக்குத் தெரிஞ்சா நெசமாவே சாவடிச்சிடுவா" என்றார் நைனா.

"அவளுக்கு ஏன் தெரியணும்?" என்றாள் அத்தை.

நைனாவுக்கு அலையைவிட அக்காவிடம் பயம் அதிகம். ஆகவே ஊர் பார்க்க நடந்த ஒத்திகையில் கதாநாயகன் கரை திரும்பினான். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் நடந்த ஒத்திகையில் போய்ச்சேர்ந்தான்.

மகளாக நான். எனக்கு ஒரே வசனம்: "நைனா எப்பம்மா வரும்?" அதற்கு மட்டும் அத்தை என்னைப் படாதபாடு படுத்தினாள். "அழாத. அழுதுகினே கேட்டா பொய்யாப் பூடும். சோறு எப்போன்னு கேக்குற மாதிரி கேளு."

நாடகத்தன்று, உடைப்பதற்குக் கடையில் மலிவு வளையல் வாங்கிக்கொள்ளலாம் என்றார் மாமன். அத்தை தன் கை வளையல்களைக் கழற்றி நீட்டினாள். அவள் வாட்டசாட்டமானவள்தான். அப்படியும் ஐஸ் தூக்கிய கையில் அவை ஏறவில்லை. சோப்பு நுரை போட்டு ஆளுக்கொரு பக்கம் தள்ளினோம். "யம்மா! இத்துக்குப் புள்ள பெத்துக்கலாம் போல கீதே!" என்று அலறினார் மாமன்.

நாடகம் பிரமாதமாகத்தான் போனது. நீலப் புடவையை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து ஆட்ட, அதுதான் கடல். நைனா அதற்குள் இறங்கி, கையை மட்டும் இரண்டு முறை மேலே தூக்கிக் காட்டிவிட்டு முழுகினார். ஓரத்தில் நின்ற எனக்கு அவர் கடலடியில் மல்லாந்து பீடி பற்றவைப்பது தெரிந்தது. நான் சோறு கேட்கிற மாதிரி கேட்டேன். மாமன் இரண்டு கையையும் ஓங்கினார்.

முன்வரிசையில் அம்மா எழுந்து நின்றாள்.

"டேய்! கைய கீழ போட்றா!"

புடவையைச் சொருகிக்கொண்டு மேடையில் ஏறியேவிட்டாள்.

"அக்கா, இது டிராமாக்கா" என்றார் மாமன், பெண் குரலிலேயே.

"டிராமான்னா ஏண்டா அங்க என் புருசன் சாவுறான்? என் கூடப் பொறந்துட்டு என் புருசனுக்கே நீ வளையல ஒடைக்கிறியா? மனுசன் இந்த வாரம் கடலுக்குப் போவணும்டா!"

கீழே பெண்கள் மொத்தமாக எழுந்தார்கள். ஊர்த் தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "இத்தெல்லாம் நம்ம ஊருக்கு ஆவாது. ஆள கரைக்கு இட்டாந்துடுங்கப்பா." பின்னாலிருந்து பையன்கள், "எந்திரி மாமு! எந்திரி!" என்று கத்தினார்கள்.

கடலுக்கு மேலே நைனாவின் தலை மட்டும் எழும்பியது. வாயில் பீடி. கூட்டத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

அத்தை இரண்டு வெறுங்கையையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு, "எந்திரிடா. வந்துடு" என்றாள்.

நைனா எழுந்தார். வந்துவிட்டார், ஆனால் வசனம்? அதை யாரும் கட்டித் தரவில்லையே. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"கண்ணு! அலை என்ன அட்சிகினு போயி விசாகப்பட்டினத்துல தள்ளிச்சி! அங்கேர்ந்து லாரி புட்ச்சி வந்துட்டேன்!"

விசில் வானத்தைப் பிளந்தது. எனக்கும் தாங்க முடியாத சந்தோஷம். மைக் என் பக்கத்திலேயே இருந்தது.

"அப்போ நம்ம மாமாவப் பாத்தியா நைனா?"

விசில் நின்றது. என்னவோ அருமையான வசனம் பேசிவிட்டேன் என்று நினைத்தேன். நைனா வாயைத் திறந்து திறந்து மூடினார், ஏலத்துக்கு வந்த மீன் மாதிரி.

ஓரத்திலிருந்து அத்தைதான் பேசினாள். "பாத்தாராம்டி. நல்லாக் கீறாராம். டேய், ஸ்கிரீன வுட்றா."

மாமாவின் படகு திரும்பவேயில்லை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆளும் இல்லை, பலகையும் இல்லை. உடல் ஒதுங்காதவனுக்கு எங்கள் ஊர் அழாது. வருவான், வருவான் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வளையலைக் கழற்றலாமா என்று அவள் கேட்டபோதெல்லாம் ஊரே பதறி, "வாயக் கழுவு" என்றதாம். வீட்டில் முடியாததை அவள் மேடையில் முடித்துப் பார்க்க நினைத்திருக்கிறாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சோப்பு மட்டும்தான். மாமன் வளையல்களைக் கழற்றி அத்தை மடியில் போட்டுவிட்டு, தலையில் கொண்டையோடு பிரியாணிப் பந்திக்கு ஓடினார். அத்தை மேடைக்குப் பின்னால் ஐஸ்பெட்டியின் மேல் குந்தியிருந்தாள். நான் சோப்பையும் சொம்பையும் எடுத்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுகூட ஒடையல அத்தே!" என்றேன்.

"எங்க ஒடைக்க வுட்றாங்க" என்றாள்.

கையை மட்டும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசி வளையல் வரை ஏற்றிவிட்டேன். ஊர் பாதியில் விட்டுப்போன வேலையை முடித்துவைத்த பெருமையோடு பிரியாணிக்கு ஓடினேன்.